ஆண்கள் அவர் சொல்லைக் கேட்பார்களா?



"இது பொம்பிளையள் செய்யிற வேலையோ?" இந்தக் கேள்வியைக் கேட்க நேராத பெண் நம்மிடையே இருக்க மாட்டார். உழவு இயந்திரம் ஓட்டப் போனாலும் சரி, சங்கத்தில் தலைவியாக நின்றாலும் சரி, முதலில் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். இம்மாதம் நாம் அறிமுகப்படுத்தும் ஜஸ்ரீன் சீகல், பதின்மூன்று வயதிலேயே இதற்கு முகம் கொடுத்தவர். அவர் விரும்பிய தொழில், பேஸ்போல் பயிற்றுவிப்பாளராவது.

பேஸ்போல் அமெரிக்கர்களின் விளையாட்டு. நம் பாடசாலை மைதானங்களில் எல்லே பார்த்தவர்களுக்கு அதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. எறியப்படும் பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஓர் அணிக்கு ஒன்பது பேர்.

இந்த விளையாட்டில் பெண்களின் கதை யுத்தத்தோடு தொடர்புபட்டது. இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் மைதானங்கள் வெறிச்சோடிவிடும் என்று அஞ்சிய முதலாளிகள், 1943 இல் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சம்பளம் பெற்று விளையாடினார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். பார்வையாளர் தொகையும் குறைந்தது. 1954 இல் அந்த லீக் மூடப்பட்டது. அதற்கு முன்னரே, 1952 இல், ஆண்களின் தொழில்முறை அணிகள் பெண்களை ஒப்பந்தம் செய்வது தடைசெய்யப்பட்டிருந்தது. தேவைப்பட்டபோது கூப்பிடுவதும், தேவை தீர்ந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்வதும் எங்களுக்குப் புதிதல்லவே.

சிறுவர்களுக்கான 'லிட்டில் லீக்' அமைப்பு, வழக்குகளின் பின்னரே 1974 இல் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்தவர் ஜஸ்ரீன். ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லன்ட் பகுதியில் வளர்ந்தார். பதின்மூன்று வயதில் அவருடைய பயிற்றுவிப்பாளர், பெண்பிள்ளை சொவ்ற்போல் விளையாடப் போகட்டும் என்றார். சொவ்ற்போல் என்பது பெரிய பந்தைக் கையைத் தாழ்த்தி எறிந்து, சிறிய மைதானத்தில் விளையாடுவது. அமெரிக்காவில் பெண்பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவதே வழக்கம். ஜஸ்ரீன் திரும்பவில்லை. சில வருடங்களின் பின், கல்லூரி அணியொன்றைப் பயிற்றுவிக்க விரும்புவதாக அவர் சொன்னபோது, பெண்ணின் சொல்லை எந்த ஆணும் கேட்க மாட்டான் என்று பதில் கிடைத்தது.

பயிற்றுவிப்பாளரின் வேலை என்ன? நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை, அடிப்பவர் பழகுவதற்கு ஏற்றவிதமாக ஒரே சீராக எறிய வேண்டும். தரையோடு பந்துகளை அடித்துவிட்டு, பிடிப்பவர்களின் கால் அசைவைத் திருத்த வேண்டும். போட்டி நேரத்தில் முதல் தளத்தருகே நின்று, ஓடி வருபவருக்கு நிற்பதா தொடர்வதா என்று கணப்பொழுதில் சைகை காட்ட வேண்டும். தோற்றுப்போன இளைஞனின் மனதையும் தேற்ற வேண்டும். இவ்வேலைக்குப் பெரும்பாலும் முன்னாள் வீரர்களையே எடுப்பார்கள். பெண்ணுக்கோ அந்த வழி அடைபட்டிருந்தது. ஜஸ்ரீன் படிப்பின் வழியாக வந்தார். தனித்து நின்று மகளை வளர்த்துக்கொண்டே, மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் விளையாட்டு உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1891 இல் கூடைப்பந்தாட்டம் பிறந்த கல்லூரி அது.

அதே கல்லூரியின் ஆண்கள் பேஸ்போல் அணிக்கு அவர் உதவிப் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றினார். கல்லூரி அணிகளில் இப்பணியைச் செய்த முதற் பெண் அவரல்லர். 1990களிலேயே ஜூலி குரோட்டோ என்ற பெண் இதே மாநிலத்தின் பல்கலைக்கழக அணியொன்றில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். ஆனால் ஒருவர் நடந்த தடம், அடுத்தவர் வருவதற்கு இடையில் புல் மூடிப்போயிருந்தது.

2009 இல் 'புறொக்டன் றொக்ஸ்' என்ற தொழில்முறை ஆண்கள் அணியில் முதல் தளப் பயிற்றுவிப்பாளரானார் ஜஸ்ரீன். தொழில்முறை ஆண்கள் அணியில் பெண்ணொருவர் பயிற்றுவிப்பாளராவது அதுவே முதற்தடவை. 2011 பெப்ரவரியில் அரிசோனாவில் கிளீவ்லன்ட் அணி வீரர்களுக்குப் பயிற்சிப் பந்து எறிந்தார். அமெரிக்காவின் உச்சநிலை அணியொன்றுக்கு அவ்வாறு எறிந்த முதற் பெண்ணும் அவரே. அதற்கு முந்திய மாதம் அதே மாநிலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், பேஸ்போல் விளையாடி வந்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டிருந்தாள். அவள் நினைவான சின்னமொன்றை அணிந்தே ஜஸ்ரீன் அன்று பந்தெறிந்தார்.

2015 ஒக்ரோபரில் ஓக்லன்ட் அணி அவரைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. உச்சநிலை அணியொன்றின் அமைப்பில் பெண்ணொருவருக்குக் கிடைத்த முதல் பயிற்றுவிப்பாளர் பணி அதுதான். எவ்வளவு காலத்துக்கு? இரண்டு வாரங்களுக்கு மட்டும்! இளம் வீரர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில். அப்போது அவருக்கு நாற்பது வயது.

இவ்வளவு பாடுபட்டு இரண்டு வாரம்தானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஐந்து வருடங்களின் பின், 2020 இல், அலிஸா நாக்கன் என்ற பெண் சான் பிரான்சிஸ்கோ அணியில் முழுநேரப் பயிற்றுவிப்பாளரானார். 2022 ஏப்ரலில் உச்சநிலைப் போட்டியொன்றில் களத்தில் நின்று பயிற்றுவித்தார். அதே ஆண்டில் றேச்சல் பால்கோவெக், நியூயோர்க் யாங்கீஸ் அமைப்பின் கீழ்நிலை அணியொன்றை முகாமையாளராக வழிநடத்தினார்.

ஜஸ்ரீன் தனக்குக் கிடைத்த இடத்தோடு நின்றுவிடவில்லை. சிறுமிகள் பேஸ்போல் விளையாடுவதற்கென 'பேஸ்போல் ஃபோர் ஓல்' என்ற அமைப்பை உருவாக்கினார். 2015 இல் அதன் முதலாவது தேசியச் சுற்றுப்போட்டியில் எல்லா அணிகளும் சிறுமிகளின் அணிகளாகவே இருந்தன. தன் அணியில் தான் மட்டுமே பெண்பிள்ளை என்றிருந்த பலர், தம்மைப் போன்றவர்களோடு நின்று விளையாட வழி பிறந்தது. 2024 ஒக்ரோபரில், பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கப்போவதாக ஏனையோருடன் சேர்ந்து அறிவித்தார். 1954 இல் மூடிய கதவு அது.

ஆண்கள் அவர் சொல்லைக் கேட்டார்களா? ஒரு கல்லூரி அவரிடம் தன் இளைஞர்களை ஒப்படைத்தது. பின்னர் தொழில்முறை அணிகள் அவரைக் கூப்பிட்டன. கேட்காதவரைச் சம்பளம் கொடுத்து யார் வைத்திருப்பார்கள்?

சகோதரிகளே, இனி உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு வேலையைச் சொல்லி, அதைத் தான் செய்யலாமா என்று கேட்டால், உடனே "யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும், யாரிடம் பழக வேண்டும் என்று அவளோடு இருந்து விசாரியுங்கள். அவளைப் போன்ற இன்னும் இரண்டு பிள்ளைகள் அயலில் இருந்தால், அவர்களையும் சேர்த்துவிடுங்கள். தனியாகப் போகிறவளைத் திருப்பி அனுப்புவது சுலபம். மூன்று பேரை அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட முடியாது.