குடியிருப்பவருக்கே குடியுரிமை

கண்டிச் சீமைக்குப் போனவர்கள் பஞ்சம் பிழைக்கப் போனார்கள் என்றே எல்லோரும் சொல்கிறோம். பஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தஞ்சாவூர் ஜில்லா நெல் விளையாத பூமியா? காவிரித் தண்ணீர் பாயும் வயலில் நாற்று நட்டவர்கள் மட்டும் ஏன் பட்டினி கிடந்தார்கள்? நிலம் மிராசுதாருக்கு, சாணிப்பாலும் சவுக்கடியும் சேரிக்கு. குடிசை போட்ட மண்கூடப் பண்ணையாளுக்குச் சொந்தமில்லை. மிராசுதார் முகம் சுளித்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து கங்காணியின் கடனோடு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். இதைப் பிழைப்புத் தேடல் என்று மட்டும் சொல்வது சாதியைக் காப்பாற்றும் பேச்சு.

அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளைத்தான் இன்று ஒன்றிய அரசு 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் இலங்கை அரசு சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நெல் மூட்டை அளக்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தியக் கணக்கில் விழுந்தவர்கள் எல்லோரும் வந்துசேர்வதற்குள் 1983 கலவரம் வந்தது, 1984இல் இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் நின்றது. ஒப்பந்தத்தின் கீழ் கப்பலில் வந்தவர் 'தாயகம் திரும்பியவர்'. அதே தோட்டத்திலிருந்து உயிருக்குப் பயந்து படகில் வந்தவர் 'அகதி'. வித்தியாசம் இவ்வளவுதான்.

மண்டபம் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த இடம் அது. பிற்பாடு அதுவே திரும்பி வந்தவர்களை அடைத்த அகதி முகாம்.

சரி, இத்தனை வருடம் இங்கேயே இருக்கிறார்களே, விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கலாமே என்று கேட்கும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தீர்களா? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, ஏழு வருடம் இங்கே வசித்த இந்திய வம்சாவளியினர் பதிவு செய்து குடியுரிமை கேட்கலாம். ஆனால் வம்சாவளி என்றால் தானோ, பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது கணக்கில் வராது. நூறு வருடத்துக்கு முன்னால் விரட்டப்பட்டவர்களின் பேரன் இந்த வரியிலேயே விழுந்துவிடுகிறான். செல்லத்தக்க பாஸ்போர்ட், தங்கும் அனுமதி வேறு கேட்கிறார்கள். இரவோடு இரவாகப் படகேறியவரிடம் பாஸ்போர்ட்! இதற்கெல்லாம் மேலே, 'சட்டவிரோதக் குடியேறி' விண்ணப்பிக்கவே முடியாது என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கதவைச் சாத்தியது. அதே 2003இல்தான் நாடற்ற நிலையை முடிக்க இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆதாரம் கேட்பதிலும் சாதி இருக்கிறது. பூர்வீகத்தை நிரூபி என்றால் மிராசுதார் வீட்டுப் பெட்டியில் பத்திரம் இருக்கும், பட்டா இருக்கும், கோயில் கல்வெட்டுகூட இருக்கும். சேரியில் பிறந்த பண்ணையாளுக்கு என்ன இருக்கும்? எங்கள் பக்கத்துக் கிழவிகள் யார் யார் கண்டிக்குப் போனார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். அந்த வாய்ச்சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 2014க்குள் வந்தவர்களில் முஸ்லிம்களை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறு மதத்தாருக்கும் ஐந்து வருடத்தில் குடியுரிமை என்றது. 2024 மார்ச்சில் வந்த விதிகளின்படி அவர்களுக்குக் காலாவதியான தாளும் செல்லும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 'இந்து'க்களைக் காக்கும் சட்டமாம்! மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மலையகத் தமிழர் அந்த இந்துவில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று அது நிறைவேறியபோது ஆதரித்துக் கைதூக்கியவர்களில் அதிமுகவும் பாமகவும் உண்டு.

அதற்கு முன்பே, 2019 ஜூனில், 65 பேர் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மீண்டும் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம், ஒன்றிய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒன்றிய அரசு அதன் பிறகும் பழைய பல்லவியையே பாடியது. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. அதாவது சிறைக்கு அனுப்ப மாட்டோம், வீட்டுக்குள்ளும் விட மாட்டோம், திண்ணையில் இருந்துகொள். திண்ணை நமக்குப் பழக்கமான இடம்தான்.

இந்த மண்ணில் வேறொரு சட்டமும் இருந்தது, தோழர்களே. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மூன்று வருடத்துக்குள், 1971இல், தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்றது. உன் தாத்தா எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை. நீ இங்கே குடியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டது. சட்டம் வந்தும் பட்டா எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்பது வேறு சண்டை. ஆனால் குடியிருப்பதே உரிமை என்ற நியாயத்தை டெல்டாவின் கூலிக்காரர்கள் செங்கொடி பிடித்து, உயிர் கொடுத்து, சட்டத்தில் எழுதவைத்தார்கள். மனைக்குப் பொருந்திய நியாயம் நாட்டுக்கு ஏன் பொருந்தாது?

தொப்புள்கொடி உறவு என்று மேடையில் உருகும் தமிழ்த் தேசியர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் ஈழக் கோரிக்கை பலவீனப்படும் என்கிறீர்கள். திரும்பிப் போக விரும்புகிறவர் போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போனவர்களின் பிள்ளைகளை உங்கள் கோரிக்கைக்குப் பணயமாக முகாமில் வைத்திருக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அவர்களை ஊரைவிட்டு ஓடவைத்த சாதியைப் பற்றி அந்த மேடையில் ஒரு சொல்லாவது பேசியிருக்கிறீர்களா?

முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று 2021இல் பெயர் மாற்றினார்கள், வீடு கட்டித்தர நிதி ஒதுக்கினார்கள். நல்லது. அதே ஆண்டு செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்ட சட்டமன்றம் இன்னும் ஓர் அடி போக வேண்டும். பாட்டன் பாட்டியின் பிறப்பையும் வம்சாவளியாகக் கொள், முகாமில் கழித்த ஆண்டுகளைச் சட்டபூர்வக் குடியிருப்பாகக் கணக்கிடு, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக முகாம் பதிவேட்டை ஏற்றுக்கொள் என்று டெல்லியிடம் கேட்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இத்தனை வருடமாக எழுதிவருவது அரசாங்கமேதான்.