வகையை மறந்த நிரல்

கணினி பயிலும் மாணவர் நம்மை மடக்குவதற்கென்றே வைத்திருக்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஓடுவதற்கு முன்பே வகைகளைச் சோதிக்கும் மொழி ஜாவா என்கிறீர்களே, எவ்வகைக்கும் பொதுவான நிரற்பகுதியில் அவ்வகைக்குரிய அணியொன்றை நேரே ஆக்க முடியாதது ஏன்?"

விடை 2004ஆம் ஆண்டிற் கிடக்கின்றது. அவ்வாண்டு வெளிவந்த ஜாவா 5, ஜெனரிக்ஸ் எனப்படும் பொதுநிலை வகைகளுக்கு இடமளித்தது. ஆயின் பழைய நிரல்களோடு ஒத்துப்போக வேண்டியிருந்தமையால், தொகுப்பி தன் சோதனை முடிந்ததும் அவ்வகைப் பெயரை அழித்துவிடும். அணியோ தன் உறுப்புகளின் வகையை ஓடும் வேளையிலும் மறவாதது. மறந்தவன் எவ்வாறு மறவாததை ஆக்குவான்?

குறுக்குவழி தேடுவோர், எதனையும் ஏற்கும் 'ஒப்ஜெக்ட்' அணியொன்றை ஆக்கி, அதனைச் சரங்களின் அணியென்று சத்தியம் செய்து கொடுப்பர். தொகுப்பி ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். பொய் சொன்ன இடத்தில் ஒன்றும் நிகழாது. அணியைச் சரங்களின் அணியாகப் பெற்றுக்கொண்ட அப்பாவியின் வரியிலேதான் நிரல் முறிந்து விழும். குற்றமற்ற தம் வரியை அவர் விடியும்வரை துருவிக்கொண்டிருப்பார்.

இதற்குத் துணைவருவது, 1997இல் ஜாவா 1.1 கொணர்ந்த 'றிப்ளெக்ஷன்' என்னும் முறை. நிரல் ஓடும்பொழுதே தன் வகைகளைத் தானே ஆராய்ந்து, வேண்டிய பொருளை ஆக்கிக்கொள்ள இது வழிசெய்கின்றது. வகையின் அடையாளத்தையும் உறுப்புகளின் தொகையையும் கொடுத்தால் உண்மையான சர அணியே பிறக்கும். எனினும் அது 'ஒப்ஜெக்ட்' என்ற பெயரோடுதான் கைக்கு வரும். சத்தியம் மீண்டும் வேண்டும். இம்முறை அது மெய்ச்சத்தியம் என்பதே வேறுபாடு.

அங்கும் ஒரு பள்ளமுண்டு. வெறும் முழுவெண் வகையின் அடையாளமும், அதனைப் பொதிந்த 'இன்டிஜர்' வகுப்பின் அடையாளமும் தொகுப்பியின் கண்ணுக்கு ஒரே வகையின. முன்னதைக் கொடுத்தால் வெறும் முழுவெண் அணி பிறந்து, சத்தியம் செய்த வரியிலேயே நிரல் நின்றுவிடும். பிழை தன் இடத்திலேயே வெளிப்படுவதை நாம் நன்மை என்றே கொள்வோம்.

2014இல் வந்த ஜாவா 8 இன்னொரு வழியைத் திறந்தது. அழைப்பவர் வகையின் அடையாளத்தை அனுப்பாது, அணியை ஆக்கும் செயலையே அனுப்பிவிடலாம். அவர் இருக்குமிடத்தில் வகை இன்னும் அழியாதிருப்பதால், தொகுப்பி சத்தியம் எதனையும் கேளாது தானே சோதித்துக்கொள்ளும். வகுப்பின் பெயர் ஏதோ ஒரு கோப்பிலிருந்து ஓடும் வேளையில்தான் தெரியவரும் என்றால் மாத்திரமே, மாணவர் றிப்ளெக்ஷனை நாடவேண்டியிருக்கும்.