கற்பிக்கும் பொழுதும் உழைப்பே

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு இன்று தொழிற்சாலைகளின் நடுவே நிற்கும் சிற்றூர். அங்கே இந்தியத் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு நடத்திய அகழாய்வில் கற்கால மக்களின் கற்கருவிகள் வெளிப்பட்டன. கல்லை எங்குத் தட்டினால் கூர்மை கிட்டும் என்பதை ஒருவர் காட்ட, மற்றவர் கண்டு பழகியிருத்தல் வேண்டும். காட்டிய பொழுதில் முன்னவர் செய்யும் கருவி ஒன்று குறைந்திருக்கலாம். ஆயினும் கலை அவரோடு மடியவில்லை.

இதே சிக்கல் இன்று மென்பொருள் குழுக்களின் முன்னும் நிற்கின்றது. புதிதாகப் பணியேற்ற இளைஞருக்கு ஐயம் எழுகின்றது. மூத்தவரை அணுகினால் அவர்தம் சிந்தனை அறுபடுகின்றது. அணுகாவிடில் பிழை மலிந்த நிரல் பிறக்கின்றது. முடித்த பணியை மட்டுமே எண்ணும் இடத்தில், கற்பித்தவர் பின்தங்கியவராகவும், வாய்திறவாதவர் வல்லவராகவும் கருதப்படுகின்றனர். இது முறையாகுமா?

கற்பித்தலுக்கு விலை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், காலம் தாழ்ந்த பணியில் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பதை 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். புதியவர்க்குப் பயிற்சி அளிக்கப் பொழுது செல்லும். கலந்து பேசும் தொடர்புகளும் பெருகும். ஐவர் குழுவில் இருவர்க்கு இடையேயான தொடர்புகள் 10. பதின்மர் குழுவிலோ 45.

எனினும், பகிராமையின் விலை இதனினும் பெரிது. அனைத்தும் அறிந்த ஒருவர் விலகிச் சென்றால் குழுவே திகைத்து நிற்கும். மாறாக, ஒருவர் பகிர்ந்தது பலருடைய உழைப்பை மிச்சப்படுத்தும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி அவர்கள் உருவாக்கிய தேனீ எழுத்துரு, தமிழ் எழுத்துரு நிறுவப்படாத கணிப்பொறியிலும் இணையத் தமிழைப் படிக்கச் செய்தது. அதனை அவர் விலையின்றி வழங்கினார். 2006ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர்தம் கொடை மறையவில்லை.

கி.பி. 624ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்த ஏழையர், சிறுவர் பதின்மருக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் அதனையே மீட்புத் தொகையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்பது இஸ்லாமிய வரலாறு கூறும் செய்தி. கற்பித்தல் அங்கே இரக்கச் செயலாக மட்டும் நின்றுவிடவில்லை. பொன்னுக்கு ஈடான உழைப்பாக மதிக்கப்பட்டது.

இம்மதிப்பையே நாம் வேண்டுகின்றோம். கற்பிக்கும் பொழுதைப் பணிக்கணக்கில் எழுதுக. அதற்கென நாளில் ஒரு வேளையை ஒதுக்குக. ஏனைய வேளையில் எவருடைய கவனத்தையும் குலைக்காதிருக்க. கேட்பவரும் முதலில் தாமே முயன்று, முயன்றதைச் சொல்லிக் கேட்டல் வேண்டும். பெற்ற விடையை எழுதி வைத்தால் அடுத்து வருபவர் மீண்டும் கேட்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, விடுதி அறையிலேயே இப்பழக்கத்தைத் தொடங்குங்கள். அறிவைப் பகிரும் உள்ளத்தையும் பிறர் பொழுதை மதிக்கும் பண்பையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!