குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு திரும்புவார்கள். யார் ஊர் வாரியத்தில் அமரலாம், கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லாமல் அவன் உறவினர்களும் ஏன் அமரக் கூடாது என்றெல்லாம் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் (919, 921) விரிவாகச் சொல்கின்றன. எனக்கு அந்தச் சுவரில் கண் போய் நிற்பது வேறொரு ஆளிடம். ஓலை எடுக்கும் சிறுவன்.

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். மகாசபை கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் பக்கத்தில் நிற்கிறான். அவன் ஓர் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்குமோ என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். பெரியவர்களைப் பற்றிப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இதை மக்களாட்சி என்று நான் கொண்டாடப்போவதில்லை. அது பிராமணர்களின் சபை. கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70க்குள்ளான ஆண்களின் சபை. ஆனால் சிறுவர் முதல் முதியோர் வரை சபை நிரம்பக் கூட வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. ஆக, சிறுவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவனுக்கு வேலையும் இருந்தது. எதுவும் அறியாதவன் என்பதுதான் அந்த வேலைக்கான தகுதி. ஊருக்கு அவன் கை வேண்டியிருந்தது, வாய் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கையை நான் எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கொசு ஒழிப்புப் பேரணிக்கு எங்களை அழைத்துப்போனார்கள். முதல் நாள் மாலை ஓவிய வாத்தியார் எழுதித் தந்த அட்டைகள் சரியாகக் காயவில்லை. சட்டையில் ஒட்டிய சிவப்புச் சாயத்துக்கு அம்மாவிடம் திட்டு வாங்கியது தனிக்கதை. கொடியசைக்க வேண்டிய அதிகாரி வரும்வரை வெயிலில் ஒன்றரை மணி நேரம். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. ஆசையாகத் தேடினேன். வரிசை முழுக்க அட்டைகள், அட்டைகளைப் பிடித்த கைகள். முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கள் தெருவில் கொசு எங்கே உற்பத்தியாகிறது என்று எங்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீடுவீடாகச் சொல்லியிருப்போம். மொட்டை மாடிகளை எங்களைவிட அறிந்தவர் அந்த ஊரில் இல்லை.

வாக்குக்கும் பதவிக்கும் சட்டம் வைத்த ஏணியும் மெதுவாகத்தான் இறங்கி வந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி பிறந்தது 1688இல். வெகுகாலம் அது வரி கட்டுகிறவர்களின் அவை. சுதந்திர இந்தியா வயதுவந்த எல்லோருக்கும் வாக்குத் தந்தபோது அந்த வயது 21. அது 18 ஆகக் குறைந்தது 1989இல், 61ஆவது திருத்தத்தால். சட்டமன்றத் தேர்தலில் நிற்க 25 வயது வேண்டும். நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் 21 போதும் என்று 73, 74ஆவது திருத்தங்கள் இடம் கொடுத்தன. 2022 பிப்ரவரியில் 21 வயதுப் பெண் ஒருவர் சென்னை மாமன்ற உறுப்பினராகவும், மார்ச்சில் 28 வயது ஆர். பிரியா மேயராகவும் வந்தார்கள். அதோடு ஏணி நின்றுவிடுகிறது. பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை உள்ளவர்களுக்கு அதில் படியே இல்லை. நடைபாதையில் நடப்பவர்கள், நகரப் பேருந்தில் தொங்குபவர்கள், மாநகராட்சிப் பள்ளியின் கழிப்பறையைப் பயன்படுத்துபவர்கள், விளையாட்டுத் திடல் பூட்டிக் கிடந்தால் தெருவில் ஆடுபவர்கள் எல்லாம் அவர்கள்தான். அமெரிக்காவின் மேரிலாந்தில் டகோமா பார்க் என்ற சிறுநகரம் 2013இல் தன் நகராட்சித் தேர்தலுக்கு மட்டும் வாக்கு வயதை 16 ஆக்கியது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நாட்டின் பாதுகாப்புக் கொள்கைபற்றிப் பதினாறு வயதில் கருத்து இருக்கிறதோ இல்லையோ, தெருவிளக்குபற்றி இருக்கும்.

சேவைக்கு மட்டும் நாம் ஒருபோதும் தடை போட்டதில்லை. காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஏழு நாள் முகாம். கோயில் வளாகத்தைப் பெருக்குவார்கள், மரக்கன்றுக்குக் குழி வெட்டுவார்கள், சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் பாடுவார்கள். அதில் கிடைக்கும் நட்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடத்தில் குழி வெட்டுவது என்பது அவர்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். போன வருடம் வெட்டிய அதே இடமாகவும் இருக்கும்.

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் ஒரே ஒருமுறை இது தலைகீழானது. 1990களின் தொடக்கத்தில் வந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட கதை உலகத்துக்கே தெரியும். கதையின் மறுபாதி அத்தனை பேசப்படவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல், வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்து வந்த பெண்களுக்கு அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லித் தந்த தொண்டர்களில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் ஏராளம். சம்பளம் கிடையாது. அத்தை, சித்தி முறையுள்ளவர்களை உட்காரவைத்து அதட்டாமல் அதட்டத் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் இல்லாத ஒன்று, எழுத்து, இந்தப் பிள்ளைகளிடம் இருந்தது. அதனால் ஊர் அவர்களைத் தேடி வந்தது. ரேஷன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, மனுவை யாருக்கு எழுதுவது என்ற கேள்விகளும் அந்த விளக்கடிக்கே வந்து சேர்ந்தன. சேவை என்று சேர்ந்தவர்கள் தங்களை அறியாமலே ஊர் நிர்வாகத்துக்குள் வந்து நின்றார்கள்.

வேறு இடங்களில் இதையே திட்டமிட்டுச் செய்தார்கள். பிரான்சின் ஷில்திகைம் நகரம் 1979இல் சிறுவர்களுக்கென்று ஒரு நகர்மன்றத்தையே அமைத்தது. நமக்குப் பக்கத்தில், கர்நாடகக் கடலோரத்துக் குந்தாப்பூர் வட்டத்தில், வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மக்கள பஞ்சாயத்துகள் 1990களிலேயே நடந்தன (கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் குழந்தைகள்). பின்னாளில் குழந்தைகள் கிராம சபையைக் கர்நாடக அரசே நடைமுறையாக்கியது. திருவனந்தபுரத்தில் 2020இல் 21 வயதில் மேயரான ஆர்யா ராஜேந்திரன், அதற்கு முன் பாலசங்கம் என்ற சிறுவர் அமைப்பின் மாநிலத் தலைவர். அது கட்சி சார்ந்த அமைப்பு, பிள்ளைகளைக் கட்சிக்குப் பழக்குகிறார்கள் என்று முகம் சுளிக்கலாம். கூட்டம் நடத்தவும், தீர்மானம் எழுதவும், எதிர்த்துப் பேசியவரோடு மறுநாள் தேநீர் குடிக்கவும் பதினைந்து வயதில் பழக வேறு இடம் எங்கே வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் நானும் சேர்ந்து சுளிக்கிறேன்.

இருக்கும் வழிகளும் புழக்கத்தில் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அதில் குடிமகன் என்ற சொல்தான் உண்டு, வயது கிடையாது. பத்து ரூபாய் கட்டி ஒரு பத்தாம் வகுப்பு மாணவி தன் வார்டில் மழைநீர் வடிகால் எப்போது தூர்வாரப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். குடிமையியல் தேர்வில் இந்தச் சட்டத்துக்குக் குறுவினா உண்டு. விண்ணப்பம் எழுதிப் பார்க்கும் பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் கிராம சபைபோலப் பகுதி சபை கூடுகிறது. எங்கள் வார்டில் சமுதாயக் கூடத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நாற்பது நாற்காலி, பதினெட்டுப் பேர், சமோசா. குடிநீர், நாய்த்தொல்லை, மறுபடி குடிநீர். கடைசி வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். கையில் நீளநோட்டு.

“டியூஷன் விட்டு நாங்க வர்ற வழியில மொத்தம் பதினொரு கம்பம் சார். நாலு எரியல. அதுல ரெண்டுக்குப் பல்பே கிடையாது, வெறும் கம்பம். மூணு வாரமா தேதி போட்டு எழுதியிருக்கேன்.”

கவுன்சிலர் நோட்டை வாங்கிப் புரட்டினார். “வீட்ல பெரியவங்க யாரும் வரலையாம்மா?”

“அம்மா வேலைக்குப் போயிருக்காங்க சார்.”

அவர் நல்ல மனிதர்தான். கம்ப எண்களை உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். வருகைப் பதிவேடு வந்தபோது எழுத்தர், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான், விதி அப்படி. சிறிது யோசித்துவிட்டு, அம்மா பெயரை எழுதச் சொன்னார். மனுதாரர் பெயரும் அம்மாவுடையதே ஆனது.

வெளியே வந்ததும் அவளிடம் வயது கேட்டேன். ஜூனில் பதினெட்டு முடிகிறது என்றாள். பதினேழிலேயே படிவம் 6 நிரப்பி முன்கூட்டிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“கொடுத்துட்டேன் அங்கிள்” என்று நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எரியாத கம்பங்கள் இருக்கும் பக்கமாகவே நடந்தாள்.