ஏட்டுரிமை மட்டும் போதுமா?

ஏட்டில் எழுதிய உரிமை வேறு. கையில் எடுத்து ஆளும் உரிமை வேறு. நீதிமன்றப் படியேறிய எவரும் இதனை அறிவர். இன்று விஞ்ஞான மென்பொருள்களிலும் இதே வழக்கு எழுந்துள்ளது.

கியூ.ஜி.ஐ.எஸ். என்பது நிலப்படம் வரையும் திறந்த மூல மென்பொருள். 2002ஆம் ஆண்டில் கேரி ஷெர்மன் தொடங்கிய இம்முயற்சியைத் தொண்டர் பலர் வளர்த்தனர். விலையில்லை. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்கிறது அதன் உரிமப் பத்திரம். காணி, குளம், வாய்க்கால் எல்லைகளைப் படமாக்கக் கமக்காரருக்கு இதனினும் நல்ல துணை எது?

நன்று. ஆனால், அளவையாளர் தந்த எண்களை அதில் ஏற்றப் புகுந்தால், "எந்த ஆள்கூற்று முறை?" என்ற கேள்வி எழும். விடைகளோ ஆயிரக்கணக்கில் உள. இலங்கைக்கே பழைய கண்டவல முறையும், 1999ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய புதிய முறையும் உண்டு. பீதுருதாலகால மலையை மையமாகக் கொண்டு, முன்னது அம்மையத்துக்கு 200,000 மீற்றர் என்றும், பின்னது 500,000 மீற்றர் என்றும் பெறுமானம் தருகின்றன. புதிய எண்களைப் பழைய முறையென்று குறித்துவிட்டால், கிளிநொச்சி வயல் கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் பெயர்ந்து வங்கக் கடலில் வீழும்!

கடலில் வீழ்ந்த வயலைக் கண் காணும். சில மீற்றர் மட்டும் விலகிய எல்லையைக் கண் காணாது. அது வழக்காகவே முடியும்.

"இலவசமாகத் தருவோரைக் குறை கூறலாமா?" எனச் சிலர் கேட்பர். குறை தொண்டர்மீதன்று. புதிய ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும், ஆராய்ச்சிக் கருவியை எளிமையாக்கவும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதே எம் வாதம்.

செய்ய வேண்டியவை மூன்று. புதியவர் சிலரை அமர்த்தி, அவர் எங்கே இடறுகின்றார் என்று பார்த்து அவ்விடத்தைத் திருத்துக. "எந்த நாடு? பழைய படமா, புதிய படமா?" என எளிய மொழியிற் கேட்க. எச்சரிக்கைகளைப் பயன்படுத்துவோரின் தாய்மொழியிலேயே தருக.

மூன்றாவது பணி நம்முடையது. மூலம் திறந்திருப்பதால் தமிழாக்கத்துக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. படித்த இளைஞர்களே, அளவையாளர்களே! இடறிய இடங்களை எழுதி அனுப்புங்கள். தமிழ்ச் சொற்களைச் சேர்த்துக் கொடுங்கள். கதவு திறந்திருக்கிறது, கமக்காரன் ஏறிச் செல்லப் படி கட்டுவோம்.