போஸ்டர் ஒட்டுகிறவர்களும் சாப்பிட வேண்டும்

2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. நம் ஆயாக்கள் காட்டுவேலைக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோன கம்பங்கூழ் இன்று ‘ஆரோக்கிய உணவு’. நல்லதுதான். ஆனால் அந்தக் கூழுக்குத் தொட்டுக்கொண்ட கருவாடும் உப்புக்கண்டமும் குடல்கறியும் எங்கே போயின? கூழை எடுத்துக்கொண்டார்கள், கறியைச் சேரியிலேயே விட்டுவிட்டார்கள். கேட்டால் ‘சாத்விகம்’, ‘தாமசம்’ என்று வகுப்பெடுக்கிறார்கள்.

இது வெறும் ருசிப் பிரச்சினை அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. ஈரல், சுவரொட்டி, மாட்டுக்கறி ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தில் கணிசமான பகுதியை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் இருப்பதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது. எது நம் இரத்தத்தில் சேருமோ அதைத்தான் ‘அசுத்தம்’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒதுக்குவது பழங்கதையும் அல்ல. 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதிகளின் உணவுக்கூடத்தில் சைவர்களுக்கென்று ஆறு மேசைகளை ஒதுக்கினார்கள். எதிர்த்து நின்ற மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சைவம் சாப்பிடுகிற தோழர்களோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை. பக்கத்தில் உட்காராதே என்பதோடுதான் சண்டை.

இனி நம் பக்கம். இயக்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. காலையில் டீ, மதியம் டீயும் பன்னும், இரவு போஸ்டர் ஒட்டிவிட்டு இன்னொரு டீ. இதற்குத் தியாகம் என்று பெயர் வேறு. பட்டினியைத் தலைமுறை தலைமுறையாக நம்மீது சுமத்தியிருக்கிறார்கள், அதை நாமே விரும்பி ஏற்பதில் என்ன புரட்சி? கூட்டம் முடிந்து சாப்பாடு பரிமாறும்போது பெண் தோழர்கள் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிற வழக்கத்தையும் இத்தோடு நிறுத்த வேண்டும். வீட்டில் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார், தெரியும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவின் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். முருங்கைக்கீரையோ சுண்டலோ தின்றால் எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காயும் ஆகும். ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற பையில் வேகவைத்த முட்டை இரண்டு இருக்கட்டும். அடிக்கடி தலை சுற்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இரத்தத்தைப் பார்த்து மாத்திரையும் இலவசமாகவே தருவார்கள். விடுதியில் பட்டியலில் இருக்கிற முட்டையும் கறியும் தட்டுக்கு வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பதும் போராட்டம்தான். வராவிட்டால் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மராத்தியில் ஷாஹு பட்டோலே மராத்வாடா தலித் மக்களின் சமையலை 2015இல் ஒரு நூலாகவே எழுதினார். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆயாவின் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். உப்புக்கண்டத்துக்கு என்ன தடவினார்கள், எத்தனை நாள் வெயிலில் காயவைத்தார்கள், இரத்தப் பொரியலுக்கு வெங்காயம் எவ்வளவு, மழைக்காலத்தில் வயல்நண்டை எப்படிப் பிடித்தார்கள், எல்லாவற்றையும் கேளுங்கள்.