பிசாசின் பெயர்ப்பட்டியல்



மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில், ஒரு சகோதரி தன் பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையனுக்கு வலிப்பு நோய் உண்டு. சகோதரியின் கையில் நான்காய் மடித்த ஒரு தாள் இருந்தது. வேறொரு கூட்டத்தில் கொடுத்தார்களாம். லூசிபர், சாத்தான், பெயெல்செபூல், பேலியாள், அப்பொல்லியோன் என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவி, ஒரு வியாதி.

“ஐயா, பிள்ளையைப் பிடித்திருப்பது இதில் எது என்று தெரிந்தால்தான் போகுமாம். அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தி நாலு நாள் ஆகிறது. நேற்று இரண்டு தரம் வந்துவிட்டது” என்றார்.

அன்றிரவே வைத்தியரிடம் நடந்ததைச் சொல்லி, மாத்திரையைத் தொடரும்படி முதலில் கூறினேன். பிறகு பையன்மேல் கைவைத்து ஜெபித்தேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, வேதத்தோடு வைத்துப் பார்த்தேன். அதில் கண்டதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விடிவெள்ளி

பட்டியலின் தலைப்பில் நிற்பது லூசிபர். பிரியமானவர்களே, உங்கள் தமிழ் வேதாகமத்தில் இப்பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. ஏசாயா 14:12-இல் ‘விடிவெள்ளி’ என்றே இருக்கிறது. அது பாபிலோன் ராஜாவின்மேல் சொல்லப்பட்ட வாக்கியம் என்று அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனம் தெளிவாய்ச் சொல்லுகிறது. எபிரெயுவில் அச்சொல் ‘ஹேலேல்’, பிரகாசிக்கிறவன். கி.பி. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லத்தீனில் வேதத்தை மொழிபெயர்த்த ஜெரோம், விடிவெள்ளிக்கு லத்தீனில் வழங்கிய ‘லூசிபர்’ என்ற சொல்லை அங்கே இட்டார். ஒளியைக் கொண்டுவருவது என்பது அதன் பொருள். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டதால், ஒரு நட்சத்திரம் ஆள்பெயராயிற்று.

ஜெரோமுக்கு முன்னரே ஓரிகன் முதலான சபைப் பிதாக்கள் இப்பகுதியைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார்கள். கால்வினோ அது பாபிலோன் ராஜாவைப்பற்றியதே என்று மறுத்தார். அந்த ராஜாவின் பெருமையில் பிசாசினுடைய பெருமையின் சாயலைக் காண்பதில் தவறில்லை. ஆனால் அதையே அவனுடைய பெயராக்கினால் ஓர் இக்கட்டு வரும். நம்முடைய இருதயங்களில் உதிக்க வேண்டியதென்று பேதுரு எழுதுவதும் (2 பேதுரு 1:19), வெளிப்படுத்தின விசேஷம் 22:16-இல் நம் ஆண்டவர் தம்மைக்குறித்துச் சொல்லுவதும் அதே விடிவெள்ளிதான். நான்காம் நூற்றாண்டில் லூசிபர் என்னும் பெயருடைய ஒரு பேராயரே இருந்தார். சார்தீனியா தீவைச் சேர்ந்த அவர், கிறிஸ்துவின் தேவத்துவத்தை மறுத்த ஆரியருக்கு எதிராக நின்றவர்.

எதிராளியும் ஈக்களின் தலைவனும்

‘சாத்தான்’ என்ற எபிரெயுச் சொல்லுக்கு எதிராளி என்பது பொருள். பிலேயாமின் வழியை மறித்து நின்ற கர்த்தருடைய தூதனுக்கும் (எண். 22:22), சாலொமோனுக்கு விரோதியாய் எழும்பின ஏதோமியனாகிய ஆதாதுக்கும் (1 இராஜா. 11:14) எபிரெயுவில் அதே சொல் வருகிறது. யோபு புத்தகத்திலும் சகரியா 3-ஆம் அதிகாரத்திலும் அவன் தேவசந்நிதியில் குற்றஞ்சாட்டுகிறவனாய் நிற்கிறான். அங்கே அது பெயராக அல்ல, ஒரு வேலையின் பட்டமாகவே நிற்கிறது.

பெயெல்செபூலின் கதை வேறு. எக்ரோன் ஊராரின் தெய்வமாகிய பாகால்சேபூபை 2 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தில் காண்கிறோம். அப்பெயருக்கு ஈக்களின் தலைவன் என்று பொருள். சீரியாவின் உகாரித்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில் பாகாலுக்குப் ‘பிரபு’ என்னும் பொருளுடைய ‘செபூல்’ பட்டம் காணப்படுகிறது. பிரபுவை ஈயாக்கி இஸ்ரவேலர் பரியாசம்பண்ணினார்கள் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பேலியாளோ, பழைய ஏற்பாட்டில் ஆளே அல்ல. ‘ஒன்றுக்கும் உதவாமை’ என்பதே அச்சொல்லின் பொருளாகச் சொல்லப்படுகிறது. ஏலியின் குமாரர் பேலியாளின் மக்கள் என்றால், ஆசாரிய வஸ்திரத்தில் இருந்த உதவாக்கரைகள் என்று அர்த்தம்.

ஆக, அந்தத் தாளில் இருந்தவை ஒரு சேனையின் அதிகாரிகள் அல்ல. ஒன்று நட்சத்திரம், ஒன்று பட்டம், ஒன்று அயலாரின் தெய்வம், ஒன்று வசைச்சொல்.

தமிழில் நேர்ந்த கலப்பு

நம் மொழியிலும் ஒரு கலப்பு உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறிற்று. அதுமுதல் வேதத்தைத் தமிழாக்கியவர்கள் இத்தேசத்தில் வழங்கிய சொற்களையே எடுத்தாளவேண்டியிருந்தது. கிரேக்கில் ‘தியாபொலோஸ்’ என்பது ஒருவன். ‘தைமோனியா’ என்பவை அசுத்த ஆவிகள், பல. நாம் வாசிக்கும் பழைய திருப்புதலில் இரண்டும் பெரும்பாலும் ‘பிசாசு’ என்றே வருகின்றன. அதுவோ வடமொழியில் மாம்சம் தின்னும் ஆவியைக் குறித்த சொல். ‘பேய்’ என்பது தமிழில் எப்போதும் தீமையைக் குறித்ததில்லை; காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சீமையின் கிராம வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். இவ்விதமாக ஊர்ப் பயங்கள் எல்லாம் ஒரே சொல்லுக்குள் வந்து குடியேறின. நம்மில் அநேகர் ஊரைவிட்டுப் பிழைக்க வந்தபோது, அந்தப் பயத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டுவந்தோம்.

இங்கே வந்ததும் அதற்குப் புதிய பெயர் கிடைத்தது. மைசூர் என்பது மகிஷாசுரனின் ஊர், ஆகையால் இங்கே கட்டு அதிகம் என்று ஜெபத்திலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அகநானூறு கூறும் ‘எருமையூர்’ இதுவே என்று கருதுவோர் உண்டு. அந்த மகிஷனை நல்லரசன் என்று போற்றுவோரும் இவ்வூரில் உண்டு. பெயரிலே ஒருவன் இருப்பதால் ஊர் அவனுடையதாகிவிடுமா? தானியேலுக்குப் பாபிலோனில் இடப்பட்ட பெல்தெஷாத்சார் என்ற பெயர் தன் தேவனுடைய நாமத்தின்படியானது என்று நேபுகாத்நேச்சாரே சொல்லுகிறான் (தானி. 4:8). அதனால் கர்த்தர் தானியேலைக் கைவிட்டாரா? இல்லையே!

பெயர் கேட்க வேண்டுமா?

“இயேசுவே பெயர் கேட்டாரே” என்பீர்கள். உண்மைதான். சுவிசேஷங்களில் அசுத்த ஆவியிடம் அவர் பெயர் கேட்டதாக எழுதப்பட்ட சம்பவம் ஒன்றே ஒன்று (மாற்கு 5:9). வந்த பதில் ‘லேகியோன்’. அது ஏறக்குறைய 5,000 முதல் 6,000 பேர் கொண்ட ரோமப் போர்ச்சேனைக்குரிய சொல். தொகையைச் சொன்னதேயன்றிப் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவரும் மேற்கொண்டு பட்டியல் கேட்கவில்லை; துரத்தினார், அந்த மனுஷன் புத்தி தெளிந்து உட்கார்ந்தான்.

மத்தேயு 4:24-ஐயும் கவனியுங்கள். பிசாசு பிடித்தவர்களும் சந்திரரோகிகளும் அங்கே தனித்தனியே எண்ணப்படுகிறார்கள். 17-ஆம் அதிகாரத்தில் ஒரு சந்திரரோகியிடமிருந்து பிசாசு துரத்தப்பட்டதும் மெய்யே. அதை நான் மறுக்கவில்லை. இன்றும் கர்த்தர் விடுவிக்கிறார் என்று விசுவாசித்தே ஜெபிக்கிறேன். ஆனால் எல்லா வலிப்பும் பிசாசல்ல என்று வேதமே பிரித்துக் காட்டும்போது, பிரிக்காமல் பேச நமக்கு அதிகாரம் தந்தது யார்? மாத்திரையை நிறுத்தச் சொன்னது எந்த வசனம்?

ஒன்றை அறிக்கையிடுகிறேன். ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் பெயர் கேட்டு அதட்டியவன்தான். கூட்டம் ஆர்ப்பரிக்கும், எதிரே நின்றவர் நடுங்குவார். அந்த நடுக்கத்தை வல்லமை என்று எண்ணினேன். அவர்களில் எத்தனை பேர் வெறும் நோயாளிகளாயிருந்தார்களோ, கர்த்தர் அறிவார்.

அவன் செய்யும் வேலை

கடைசியாக ஒரு சொல். ‘தியாபொலோஸ்’ என்பதற்கு அவதூறு செய்கிறவன் என்பது பொருள். பவுல் அதே சொல்லை மனிதருக்கும் பயன்படுத்துகிறார். 1 தீமோத்தேயு 3:11-இலும் தீத்து 2:3-இலும், அவதூறு பண்ணாதிருக்கும்படி சபையின் ஸ்திரீகளுக்குச் சொல்லப்படுகிறதே, அங்கே கிரேக்கில் இருப்பது அச்சொல்லின் பன்மைதான். 2 தீமோத்தேயு 3:3-இல் அது புருஷர், ஸ்திரீகள் என்ற பேதமின்றி யாவருக்கும் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரமும் அவனை இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்றே அடையாளம் காட்டுகிறது.

அப்படியானால், நோயுற்ற ஒரு பிள்ளைக்குப் பிசாசின் பெயரைச் சூட்டி, தாயின் பாவத்தால் வந்தது என்று தெருவெல்லாம் பேசும்போது, அங்கே நடப்பது யாருடைய வேலை? பிடிக்காத மருமகளை யேசபேலின் ஆவி என்கிறோம்; கேள்வி கேட்கும் வாலிபனைக் கலக ஆவி என்கிறோம். பிரதான தூதனாகிய மிகாவேல் பிசாசையே தூஷிக்கத் துணியவில்லை என்று யூதா எழுதுகிறார். நாமோ சகோதரரைத் தூஷிக்கத் துணிகிறோம்.

அந்தச் சகோதரி மறு வாரமும் மகனோடு வந்தார். மாத்திரை தொடர்கிறது, ஜெபமும் தொடர்கிறது. பையனிடம் உன் பெயர் என்ன என்று கேட்டேன். வெகு நாளாய் எவரும் அதைக் கேட்டதில்லைபோலும், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாய்ச் சொன்னான். அந்தப் பெயரைச் சொல்லியே நாங்கள் ஜெபித்தோம்.

பிரியமானவர்களே, எதிராளியின் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டாம். உங்கள் சபையில் வியாதியாயிருக்கிற பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா நாமத்துக்கும் மேலான நாமம் நமக்கு இருக்கிறது, அது போதும். ஆமென்.